கோவை எக்ஸ்பிரஸில் ஒரு கொலையும் கொஞ்சம் காதலும்

சென்னை சென்ட்ரலில் காலை ஆறு மணி தாண்டிப் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸ், கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் ஓடி, மதியம் இரண்டு மணி வாக்கில் கோவைக்குப் போய்ச் சேரும். பகல் ரயில் என்பதால் கால் நீட்டிப் படுக்க முடியாது. உட்கார்ந்தபடியே தூங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இந்த எட்டு மணி நேரத்துக்கு அப்பா வைத்திருந்த ஒரே மருந்து, ஒரு பாக்கெட் நாவல்.

அப்பாவுக்குச் சென்னையில் வேலை. சொந்த ஊர் சிங்காநல்லூர். பொங்கலுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் இதே ரயில்தான். பிளாட்பாரக் கடையில் அப்பா எனக்கு ஒரு காமிக்ஸ் வாங்குவார், அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாவல். ஆளுக்கொன்று வாங்கினால் என்னவாம் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "ஒரு கொலைக்கு ஒரு புத்தகம் போதும்" என்றார்.

அதற்குப் பல வருடம் முன்னால், கல்யாணமான புதிதில், சென்ட்ரலை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டில்தான் பழைய நாவல்களை வாங்குவாராம். 1985-ல் அது எரிந்துபோனது. இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கும் இடம்தான் அது.

சென்ற மாதம், பெரியம்மா பேத்தி கல்யாணத்துக்காக அம்மாவை அதே ரயிலில் அழைத்துப்போனேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அம்மா நாவல் பக்கமே போகவில்லை. கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பொடி எழுத்து படிக்கச் சிரமம் என்பது அம்மா சொல்லும் காரணம். டிவியில் ஓடும் எழுத்தையெல்லாம் சரியாகத்தான் படிக்கிறார்.

கிளம்புவதற்கு முதல் நாள் பரணில் பெட்டி எடுக்கப்போனபோது, மஞ்சள் பையில் சுற்றிவைத்த ஒன்பது பாக்கெட் நாவல்கள் கிடைத்தன. பழுப்பேறிய தாள், அட்டையில் கத்தியும் கண்ணீரும். ஒவ்வொன்றின் பின்னட்டை உள்பக்கத்திலும் அப்பாவின் பென்சில் எழுத்தில் ஒரு பெயர். சிலவற்றில் முதலில் எழுதிய பெயரை அடித்துவிட்டுக் கீழே வேறொன்று.

எங்கள் குடும்பத்தின் காவிரி விதி அது. சங்ககிரி மலை தாண்டி, ஈரோட்டுக்கு முன்னால் ரயில் காவிரிப் பாலத்தில் ஏறுவதற்குள் அப்பா கொலைகாரன் பெயரை எழுதிவிட வேண்டும். அவர் ஒரு பெயரைச் சொல்வார். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்க" என்பார். அவர் தலையைச் சொறிவார். கடைசி அத்தியாயம் ஈரோட்டைத் தாண்டிய பிறகுதான். திருப்பூரில் தீர்ப்பு.

அன்று ராத்திரி ஒன்பதையும் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். ஒன்பதிலும் அப்பா சரியாகச் சொல்லியிருந்தார். மளிகைக் கணக்கில் கூட்டல் தப்பாகப் போடும் எங்கள் அப்பா!

மறுநாள் ரயிலில் என் போனில் ஒரு நாவலை மின்னூலாக இறக்கிவைத்திருந்தேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதுதான் நான் போட்ட தூண்டில். பழைய முறைப்படி காட்பாடி வரை நான், அதற்குப் பிறகு அம்மா. "எனக்கெதுக்கு கண்ணு" என்றவர், அரக்கோணம் தாண்டியதுமே, "யார் செத்தா?" என்று கேட்டார்.

நாவல் ராஜேஷ்குமாருடையது. கோவைக்காரர் எழுதியதைக் கோவைக்குப் போகும் ரயிலில் படிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத இன்னோர் ஊரில் என்று இரண்டு தண்டவாளமாகப் போகும் அவர் கதை, கடைசியில் ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அதற்குள் காபி ஆறிப்போயிருக்கும்.

ஆனால், இந்த நாவல்கள் வீட்டுப் பெண்களின் தலையணைக்கடியில் இடம்பிடித்ததற்குக் கொலை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. துப்பறிகிறவர்களை ஜோடியாக அனுப்பினார்கள் நம் எழுத்தாளர்கள். ராஜேஷ்குமாருக்கு விவேக் – ரூபலா, கணவன் மனைவி. நடுவில் விஷ்ணுவின் குறும்பு. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத் – சுசீலா, கல்யாணமே ஆகாத ஜோடி. சுபா என்ற பெயரில் எழுதிய சுரேஷ், பாலகிருஷ்ணன் இரட்டையருக்கு நரேந்திரன் – வைஜயந்தி. அதற்கு முந்தைய தலைமுறையில் தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் இந்திரா என்று ஒரு மனைவி உண்டு. சுஜாதாவின் கணேஷ் – வசந்த் மட்டும் ஜோடி இல்லாத ஜோடி. ஆனால் அந்தக் குறையை வசந்த் போகிற வீடெல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தான்!

கொலை அந்த மாதத்தோடு முடிந்துவிடும். பரத்தும் சுசீலாவும் என்ன ஆவார்கள் என்பது முடியாது. அதற்காகவே அடுத்த மாதமும் வாங்க வேண்டியிருந்தது. ஒரு ஆணும் பெண்ணும் சமமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தை அலசுவதும், ஒருவர் காலை ஒருவர் வாருவதும், அப்போது எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையிலும் பார்க்கக் கிடைக்காத காட்சி. அப்பாவும் அம்மாவும்கூட வீட்டில் பேசிக்கொள்வது, "அரிசி தீர்ந்துருச்சுங்க", "நாளைக்கு வாங்கிக்கலாம்" அளவில்தான். இந்த ரயிலில்தான் இருவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்து கிசுகிசுப்பார்கள். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகம் வரும் இடத்தை மட்டும் அப்பா தன் விரலால் மறைத்துக்கொள்வார். அம்மா அந்த விரலைத் தட்டிவிடுவார். எதிர் சீட்டில் காமிக்ஸுக்குப் பின்னாலிருந்து நான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

காட்பாடியில் போனை அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். வெளியே பாலாறு. ஆறு என்ற பெயரில் மணல். ஆம்பூர், வாணியம்பாடி போனதே தெரியவில்லை. ஜோலார்பேட்டையில், பழக்கதோஷம், நான் டீ வாங்க இறங்கினேன். அப்பாவும் அங்கேதான் இறங்குவார். புத்தகம் அம்மா மடியில் இருக்கும்.

இரண்டு கப்போடு திரும்பி வந்தால், அம்மா விரலால் திரையைத் தள்ளு தள்ளு என்று தள்ளிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"என்னம்மா பண்றீங்க?"

"இதுல கடைசிப் பக்கம் எங்க கண்ணு இருக்குது?"

டீ என் கையில் கொட்டாதது அதிர்ஷ்டம். ரயில் நகர ஆரம்பித்தது. அம்மா தப்பு செய்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீயை வாங்கிக்கொண்டார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"உங்கப்பாவுக்குக் கொன்னவன் யாருன்னு தெரியோணும். எனக்கு அதில்ல. ரூபலாவைக் கடத்திட்டுப் போயிருப்பானுங்க, அந்தப் பொண்ணு வீடு வந்து சேர்ந்தாளா இல்லையான்னு தெரியாம எப்படிப் படிக்கறது? நெஞ்சு அடிச்சுக்கும். கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருந்தாங்கன்னா போதும், அப்புறம் நிம்மதியா முதல்ல இருந்து படிப்பேன். உங்கப்பா டீக்கு இறங்கறப்போ ஒரு எட்டு பாத்துக்குவேன்."

"அப்போ கொலைகாரன் பேரும் தெரிஞ்சிரும்ல?"

"தெரியாம?"

"அப்பாகிட்ட சொன்னதே இல்லையா?"

"அதெப்படி சொல்றது? அவுரு எவ்வளவு ஆசையா யோசிப்பாரு."

பரணில் கிடைத்த ஒன்பது புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதிலும் அப்பா ஜெயித்திருந்ததையும் சொன்னேன். அம்மா வெளியே பார்த்தார். மொரப்பூர் பக்கத்துப் பொட்டல் காடு, தூரத்தில் மலை.

"தப்பா எழுதுனதெல்லாம் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போயிரும். அவுரே கொண்டுபோய்ப் போட்டுட்டு வேற மாத்திட்டு வருவாரு. சரியா எழுதுனதை மட்டும் நான் எடுத்து வெச்சுக்குவேன். எத்தனை புத்தகம் படிச்சிருப்போம்? ஒம்பதுதான் தேறுச்சு." சிரித்தார். சிரித்த வேகத்தில் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சேலத்தில் தயிர் சாதத்தைப் பிரித்தோம். அம்மா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தார். ரூபலா பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாளா என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றார். பிறகு போன் என்னிடம் வந்தது. சங்ககிரி மலை கடந்துபோனபோது கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நின்றிருந்தேன்.

"உன்ற ஆளு யாரு கண்ணு? பாலம் வரப்போகுது."

"அந்த டாக்டர்தான்" என்றேன் நிச்சயமாக.

தடதடவென்று சத்தம் மாறியது. கீழே காவிரியில் தண்ணீர் நிறையவே போய்க்கொண்டிருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"இன்னொருக்கா யோசிச்சுப் பாரு."