மலடி என்று யாரைச் சொன்னோம்?



என் தங்கை மகளுக்கு ஓமலூரில் நிக்காஹ் நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைப் பேறு இல்லை. இந்த நான்காண்டுகளில் அவளுக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை; கட்டாத தாயத்து இல்லை. மாப்பிள்ளைக்கு இரண்டாம் நிக்காஹ் என்ற பேச்சு, ரமளானுக்குப் பின் அடுப்படியிலிருந்து கூடத்திற்கே வந்துவிட்டது. மாப்பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? ஆறடி உயரம், உருண்டு திரண்ட தோள்கள். நானும் ஐயுறவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் அவரை வற்புறுத்திச் சேலத்திற்கு அழைத்துச் சென்றேன். சோதனை முடிவைக் கண்ட மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, என்ன ஊசி போட்டுக்கொள்கிறீர்கள்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். நிக்காஹுக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, உடற்பயிற்சிக்கூடத்தில் ஒருவர் வாங்கித் தந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வாரந்தோறும் போட்டு வந்திருக்கிறார். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அது. விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை.

"ஆண்மைக்கான மருந்து என்றால் ஆண்மை பெருகத்தானே வேண்டும்?" என்று நான் கேட்டேன். உங்களுக்கும் அக்கேள்வி எழும். மருத்துவர் சிரிக்காமல் விளக்கினார். வெளியிலிருந்து நாள்தோறும் சாப்பாடு வந்துகொண்டிருந்தால் வீட்டில் யார் அடுப்பை மூட்டுவார்கள்? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் இந்த ஹார்மோன் நிறைந்திருப்பதைக் கண்டு, விரைகளுக்கு விடுக்கும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, உயிரணு உற்பத்தி நின்றுவிடுகிறது. தோள் பெருக்கிறது, வித்து வற்றுகிறது.

இன்னொன்றும் சொன்னார். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது! 1990-இல் வெளியான அந்த ஆய்வில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆடவருக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டார்கள். ஆறு மாதங்களுக்குள் 157 பேருக்கு உயிரணு அறவே அற்றுப்போயிற்று. எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அறியாமலேயே கருத்தடை செய்துகொண்டு, மனைவியைத் தாயத்துக் கட்ட அனுப்பியிருக்கிறார்.

மருந்தைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பிட்யூட்டரி நோயாலோ, விரைகள் பழுதானதாலோ, பிறவிக் குறையாலோ இந்த ஹார்மோன் உண்மையிலேயே சுரக்காதவர்களுக்கு இது வாழ்வளிக்கும் மருந்து. தளர்ந்த தசையும் எலும்பும் வலுப்பெறும். தாம்பத்திய நாட்டம் திரும்பும். ஆனால் அவர்களுக்கும் காலை வேளையில், வெவ்வேறு நாட்களில் இருமுறை இரத்தம் சோதித்து, குறைவு உறுதியான பின்னரே தொடங்க வேண்டும். அவர்களும் பிள்ளை வேண்டுமென்றால் வேறு சிகிச்சையே பெற வேண்டும். இரத்தம் தடித்துப் போகக்கூடும் என்பதால் அவ்வப்போது சோதனையும் தேவை. ஹார்மோன் குறைவும் இதயநோயோ அது வரும் வாய்ப்போ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மருந்தால் மாரடைப்பு கூடவில்லை எனினும், இதயத்துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் இரத்தக்கட்டும் சற்று அதிகம் காணப்பட்டன. வயதானதால் வரும் சோர்வுக்கெல்லாம் இதைக் கேட்டு நிற்கும் என் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாப்பிள்ளை ஊசியை நிறுத்தினார். முதல் சில வாரங்கள் சோர்ந்து, எவருடனும் பேசாமல் கிடந்தார். சுரப்பி விழித்தெழும்வரை அப்படித்தான் இருக்குமாம். பலருக்குச் சில மாதங்களில் உயிரணு திரும்பும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும், எல்லோருக்கும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது என்றார் மருத்துவர். ஐந்தாம் மாதச் சோதனையில் சொற்பமாகத் தென்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டாம் நிக்காஹ் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் மலடி என்று சொன்ன நாவுகளில் ஒன்றுகூட அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அங்கு சென்றிருந்தேன். அவளுடைய மாமியார் தேநீர் கொடுத்துவிட்டு, "ஊசி சமாச்சாரம் வெளியே தெரிய வேண்டாம் அண்ணே" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய என் தங்கை மகள், "பெயர் போடாமல் எழுதுங்கள் மாமா" என்றாள்.