ஒய் அச்சில் என்ன போட்டீங்க?

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கிட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கா? எங்க டீமுக்கு இந்த செமஸ்டர் அது நடந்தது. கரண்ட் போனா ஒரு மருத்துவமனை எவ்வளவு சீக்கிரம் மீளும் என்பதுதான் எங்க தலைப்பு. சிமுலேஷனில் பத்தே நிமிஷத்தில் 90% லோடு திரும்பி வந்தது. பெருமையா காட்டினோம். மேடம் கேட்டாங்க: "மீதி 10%-ல ஐசியூ இருந்தா?"

எங்ககிட்ட பதில் இல்லை.

மீண்டெழும் திறனை, அதாவது ரெசிலியன்ஸை அளக்க நாங்க போட்டது வழக்கமான கிராஃப்தான். எக்ஸ் அச்சில் நேரம். ஒய் அச்சில் சிஸ்டம் எத்தனை சதவீதம் வேலை செய்யுதுங்கிறது. விபத்து நடந்தா கோடு விழும், சரிசெய்யச் சரிசெய்ய ஏறும். நடுவில் இருக்கும் பள்ளத்தின் பரப்புதான் இழப்பு. 2003-ல் மிஷெல் புரூனோ குழுவினர் நிலநடுக்க ஆய்வுக்காக முன்வைத்த முறை இது.

அதை வச்சு புகுஷிமாவைப் பாருங்க. 2011 மார்ச் 11 சுனாமி அங்கே இரண்டு அணுமின் நிலையங்களைத் தாக்கியது. ஒன்று டாய்ச்சி, தெற்கே சுமார் 12 கி.மீ. தள்ளி டாய்னி. அன்னிக்கு நின்ன மின் உற்பத்தி இரண்டிலுமே திரும்ப வரவே இல்லை. ஒய் அச்சில் மெகாவாட் போட்டா இரண்டுமே ஃபெயில்.

ஆனா உலையை நிறுத்தின பிறகும் எரிபொருள் சூட்டைக் கக்கிக்கிட்டேதான் இருக்கும். அங்கே நிற்கவே கூடாதது கூலிங். டாய்ச்சியில் அது நின்றது. மூன்று உலைகள் உருகின. டாய்னியிலும் நான்கில் மூன்று உலைகளுக்குக் கடல்நீர் பம்புகள் போயிடுச்சு. நல்லவேளை, வெளியிலிருந்து வரும் ஒரு மின் லைன் தப்பியிருந்தது. சுமார் 200 பேர் கனமான கேபிளைக் கையால் தூக்கி, ஏறக்குறைய ஒரே நாளில் 9 கி.மீ. நீளத்துக்கு இழுத்துப் போட்டாங்க. மார்ச் 15-ல் நான்கு உலைகளும் பாதுகாப்பா குளிர்ந்திருந்தன.

ஒய் அச்சில் கூலிங்கைப் போட்டாதான் அந்த 200 பேரின் உழைப்பு கிராஃபில் தெரியும்.

நாங்களும் மாத்திட்டோம். இப்போ ஒய் அச்சில் ஐசியூவும் ஆபரேஷன் தியேட்டரும் மட்டும். ஸ்கோர் நல்லாவே இறங்கிடுச்சு. அடுத்த ரிவ்யூவில் அதைத்தான் காட்டப்போறோம். உங்க ப்ராஜெக்டிலும் ஒருமுறை பாருங்க: ஒய் அச்சில் இருப்பது நிற்கவே கூடாததா, இல்ல, அளக்க ஈஸியா இருந்ததா?