பற்றரி செத்துவிட்டதென்று யார் சொன்னது?

ஓட்டோ ஓட்டிக் குடும்பம் பார்க்கும் பெண்ணுக்கு, "பற்றரி முடிஞ்சுது அக்கா, மாத்த வேணும்" என்பது சின்னச் சொல் அல்ல. அது பிள்ளையின் ரியூசன் காசை விழுங்கும். லீசிங் கட்டுவதைப் பிந்தவைக்கும். அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம்? என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்ததால் மூன்று கிழமை வண்டி ஓடவில்லை. பிறகு ஸ்ரார்ட் வரவில்லை. தள்ளிக்கொண்டு போன கராஜில் மீற்றரைப் பிடித்துப் பார்த்த தம்பி, "12க்குக் கீழ காட்டுது, புதுசு போடுவம்" என்றார்.

"சார்ஜ் ஏத்திப்போட்டுத் திரும்பப் பாக்கேலாதோ தம்பி?"

"உங்களுக்கு உது விளங்காது அக்கா."

1990களில் மின்சாரமில்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்கா விளங்காது?

ஓட்டோவுக்கும் காருக்கும் போடும் 12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணிநேரம் சும்மா இருந்தபின் அது ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான். 12க்குக் கீழே என்றால் அது பசித்திருக்கிறது. செத்துவிட்டது என்று உடனே சொல்ல முடியாது. பசித்த பற்றரியைச் சோதித்தால் பசி மட்டுமே தெரியும். சார்ஜ் ஏற்றிச் சோதித்தால்தான் நோய் தெரியும்.

இன்னொரு கடையில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினார்கள். காலையில் வண்டி ஸ்ரார்ட் வந்தது. செலவு சார்ஜ் ஏற்றிய கூலி மட்டும். அதே பற்றரி இன்னும் எட்டு மாதம் உழைத்தது.

அதற்காகக் கடைக்காரர் எல்லாரும் பொய்யர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு மாதத்தின் பின் அது உண்மையாகவே முடிந்தது. முழுச் சார்ஜ் ஏற்றி 12.6 காட்டியும், ஸ்ரார்ட் அடித்ததும் முள் 8க்கு விழுந்தது. நல்ல பற்றரி அந்த நேரத்திலும் ஏறக்குறைய பத்து வோல்றிலாவது நிற்கும். அன்று நான் வாதாடவில்லை, புதியது வாங்கினேன்.

ஆகவே சகோதரிகளே, மாற்றச் சொன்னால் முதலில் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். பின்பு ஸ்ரார்ட் அடிக்கும்போது மீற்றரை உங்கள் கண்முன்னே பிடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போதும் பார்க்க வேண்டும். அப்போது ஏறக்குறைய 14 வோல்ற் வராவிட்டால் பிழை சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கலாம். அதைத் திருத்தாமல் புதிய பற்றரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வயரைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் துடையுங்கள். கழற்றும்போது சய (-) வயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் தொடுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பற்றரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது. உள்ளே இருப்பது அமிலம், கண் கவனம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. அதைக் கழித்துக் காசு கொடுங்கள். உத்தரவாத அட்டையில் திகதி எழுதி வாங்குங்கள்.

நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால், அடுத்த கடைக்கு வண்டியைத் தள்ளுவதில் வெட்கமில்லை.