சேன் சேப் கால்வாயோரம்

அம்பாறை டவுனில் அலுவல் முடிந்தால் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்காமல் சம்மாந்துறைக்குப் பஸ் ஏறுகிறவன் நான். 2018 பெப்ரவரிக்குப் பிறகு வந்த பழக்கம். அங்கே ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கதை கட்டி, ஒரே இரவில் சிங்கள பௌத்தக் கும்பலொன்று கடைகளையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு வந்தது. உடைந்தது உடைந்ததுதான்.

அப்படிப்பட்டவன், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பௌத்தர்களான தாய்லாந்துக்குப் போனால் எப்படிப் போவான்? பைக்குள் பிஸ்கட், டின்மீன், பேரீச்சம்பழம், உம்மா கட்டித் தந்த மாசிச் சம்பல். பேங்கொக்கில் மூலைக்கு மூலை இருக்கும் செவன் இலெவன் கடையொன்றில் தண்ணீர் வாங்கப் போனால், பக்கெட்டுக்குப் பக்கெட் சாய்சதுரத்துக்குள் அரபு எழுத்தில் ஹலால் முத்திரை. எங்கள் இலங்கையில் 2013இல் அதே முத்திரைக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலில் ஜம்இய்யத்துல் உலமா சபை சான்றிதழ் கொடுப்பதையே கைவிட்டது. இங்கேயோ சுலலங்கோன் பல்கலைக்கழகத்தில் ஹலால் விஞ்ஞானத்துக்கென்று தனி நிலையமே இருக்கிறது. ஏற்றுமதிக் காசு என்ற நோக்கமும் உண்டுதான். இருக்கட்டுமே!

காலையில் வெறுங்காலோடு பிக்குமார் பாத்திரம் ஏந்தி வருவார்கள். காவியைக் கண்டதும் நான் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். உடம்புக்கே பழகிப்போன ஒதுங்கல். எங்கள் கண்டியின் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களுக்கு உபசம்பதா என்ற பிக்குமாரின் உயர் தீட்சையை 1753இல் கொண்டு வந்தவர் இந்த நாட்டு உபாலி தேரர்தான். ஒரே பரம்பரை. அங்கே பயந்தவன் இங்கேயும் பயந்தான். இங்கே அந்தப் பயத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

பேங்கொக்கில் எனக்குப் பிடித்தது சேன் சேப் கால்வாய்ப் படகு. கறுத்த தண்ணீர் தெறிக்காமலிருக்க, ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் படங்கை உயர்த்த வேண்டும். ஹெல்மெட் போட்ட கொண்டக்டர் படகின் விளிம்பிலேயே நடந்து காசு வாங்குவார். நான் இறங்கியது பான் குருவாவில். முதலாம் ராமா மன்னர் காலத்தில் குடியேறிய சாம் முஸ்லிம்களின் நெசவுக் குடியிருப்பு அது. அமெரிக்க வியாபாரி ஜிம் தொம்சன் உலகத்துக்கு விற்ற தாய்ப் பட்டு இவர்களின் தறியில் இருந்துதான் போனது. அவருடைய தேக்கு வீடு கால்வாயின் எதிர்க்கரையில் மியூசியமாக நிற்கிறது. தறிகளில் மிஞ்சியவை கொஞ்சம்தான்.

பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டுத் தறிச்சத்தம் கேட்ட வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சலாம் சொன்னதும் முக்காடிட்ட மூதாட்டி நாடாவை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உடுத்திருந்த மருதமுனைச் சாரனைத்தான் பார்த்தார். தோளில் கிடந்த அதே தறித் துவாயை வாங்கி, கரையைத் திருப்பி, பெருவிரலால் ஊடு நூலை நெருடினார். மகள் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். பருத்தியா, கைத்தறியா, என்ன விலை என்று கேட்டாள். விலையைச் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள், இத்தனை மலிவா என்று. சாப்பிடாமல் போகக் கூடாது என்று காவ் மோக் வந்தது. மஞ்சள் சோறு, கோழித்துண்டு, பொரித்த வெங்காயம். எங்கள் புரியாணிக்குச் சாச்சா முறை.

அந்தத் தைரியத்தில் தாய்லாந்தின் தெற்கைப் பற்றிக் கேட்டேன். அங்கே தாக் பாயில் 2004 ஒக்டோபரில், நோன்பு மாதத்தில், கைதான மலாய் முஸ்லிம்களை இராணுவ லொறிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியதில் 78 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். வழக்குத் தொடரும் காலவரையறை 2024இல் முடிந்தது. எவருக்கும் தண்டனை இல்லை. ஹலால் முத்திரை ஒட்டும் அதே நாடுதான் இது.

மகள் தாயைப் பார்த்தாள். பிறகு ஒரு பட்டுச் சால்வையை விரித்து, முழம் என்ன விலை என்று சொல்லத் தொடங்கினாள். எனக்கு என் மீதுதான் எரிச்சல் வந்தது. கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைக்காரர்கள் கலவரத்தைப் பற்றிக் கேட்டால், சம்மாந்துறையில் நாங்களும் நெல்லு விலையைத்தான் பேசுவோம்.