ஐந்தருவியில் ரெண்டு நாள்

தலித் எழுத்து என்றாலே அழுகைதான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கூட்டங்களில் எழுந்து கேட்கிறார்கள்: "உங்க ஆளுக சந்தோஷமாவே இருந்ததில்லையா? அதை எழுத மாட்டீங்களா?" இருந்திருக்கிறோம். இதோ எழுதுகிறேன். போன ஆடி மாசம், ஒரு சனி, ஒரு ஞாயிறு. நல்லாத் தின்னோம், குடிச்சோம், குளிச்சோம், ஆட்டம் பார்த்தோம். எல்லாத்தையும் சொல்லுகிறேன். ஆனால் எதையும் மறைத்து எழுத எனக்கு வராது.

எங்க ஊர் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி பிறந்துட்டா மேற்கே மலை தெரியாது. மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஊசி ஊசியாய்ச் சாரல் விழும், கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும், மறுபடியும் சாரல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் குற்றாலத்துக்குச் சீசன். ஊர் உலகத்துக்கெல்லாம் அது குளிக்கிற சீசன். எங்க தெருவுக்கு அது வேலைச் சீசன். லாட்ஜில் கூட்ட, கக்கூஸ் கழுவ, விரிப்புகளை அலச, ரோட்டோரக் குப்பையை அள்ள ஆள் வேணும்.

எங்க அம்மா முப்பது வருஷம் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கினாள். விடியுமுன்னே பஸ் ஏறுவாள். அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நாள் பூரா வேலை பார்ப்பாள். ஒரு நாள்கூட ஐந்தருவியில் குளித்ததில்லை. ஏன்மா என்று ஒரு தடவை கேட்டேன். "ஈரச் சேலையோட எப்படில வேலை பாக்க? வேலை முடிஞ்சு நின்னா பஸ் போயிரும்லா" என்றாள். அவ்வளவுதான் காரணம். அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்காமலே ஒருத்தியை முப்பது வருஷம் குளிக்காமல் வைத்திருக்க முடியும் என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டாளிகள் மூணு பேர் வந்தார்கள். ஒருத்தர் மதுரை, ஒருத்தர் சென்னை. ரெண்டு பேரும் நம்ம ஆளுகதான், இயக்கத்தில் பழக்கம். மூணாவது ஆள் உள்ளூர், மேலத்தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து என்கூடப் படிச்சவன். பேர் வேண்டாம். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமாகக் கூப்பிடுகிறோம். அந்த உறவு வாயில் மட்டும்தான் இருக்கிறது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் குற்றாலத்தில் சாரல் விழா. கலைவாணர் அரங்கத்தில் உட்கார இடமில்லை. கரகம், ஒயில் எல்லாம் முடிந்து தப்பாட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பையன்களும் பிள்ளைகளும், ஒரே கலர் உடுப்பு, காலில் சலங்கை. முதல் அடி விழுந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. சென்னைத் தோழர் எழுந்து நின்றே ஆட ஆரம்பித்துவிட்டார். குடும்பம் குடும்பமாக வந்த ஜனம் விசில் அடித்தது, கைதட்டியது.

எங்க அப்பா தப்பு அடிச்சவர். மேலத்தெருவில் சாவு விழுந்தால் ராத்திரி எந்நேரமானாலும் ஆள் வரும். பிணம் வீட்டைவிட்டுக் கிளம்பிச் சுடுகாடு போய்ச் சேருகிற வரைக்கும் அடிக்கணும். யாரும் கைதட்டினதில்லை. கூலி பாதி காசு, பாதி சாராயம். அதையும் கையில் தர மாட்டார்கள். சிரட்டையை நீட்டணும், தூக்கி ஊத்துவார்கள். ஒரு நாள் அந்தச் சிரட்டையை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து, அப்பா அதற்குப் பிறகு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனதே இல்லை. நாற்பத்தொன்பது வயசில் ஈரல் போய்ச் செத்தார். அதே தோல், அதே அடி, இன்றைக்கு மேடையேறி இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணும் கலங்கியது. ரெண்டும் ஒரே நேரத்தில் வருமா என்றால், வரும்.

அங்கிருந்து நேரே பிரானூர் பார்டருக்குப் போனோம். வெளியூர் வாசகருக்காக ஒன்று சொல்லணும். செங்கோட்டை முன்னே திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது. எல்லைக்கோடு அழிந்து எத்தனையோ வருஷம் ஆகியும், பேர் மட்டும் இன்னும் பார்டர்தான். பரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னாவைக் குளிப்பாட்டி, நாட்டுக்கோழி வறுவல், காடை என்று ஒரு பிடி பிடித்தோம். மாப்ள என் இலையிலிருந்து காடைக் காலை எடுத்துக் கடித்தான். நான் அவன் இலையிலிருந்து எடுத்தேன். யார் இலை யாருடையது என்று தெரியாமல் போச்சு.

ராத்திரி ரூமில் பாட்டில். 2003 கடைசியிலிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கிற சரக்குதான். ஒரே பாட்டில், நாலு கிளாஸ். பாட்டு, பழங்கதை, சிரிப்பு. நடுவே எனக்கு அப்பா ஞாபகம். அவருக்குக் குடி கூலியாக வந்தது, எனக்கு விருந்தாக வருகிறது, ரெண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மாவுக்கு ரெண்டுக்கும் ஒரே வாடைதான். இதைத் தோழர்கள் கொஞ்சம் யோசிக்கணும். குடியைக் கொண்டாடியும் நான் எழுத முடியாது, குடிக்காத யோக்கியன் மாதிரியும் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் நான் மட்டும் வண்டியெடுத்துப் போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "எய்யா, நான் பாக்காத அருவியா?" பார்த்ததெல்லாம் போதும், இன்றைக்குக் குளி என்றேன்.

ஐந்தருவிக்குப் போகிற வழியெல்லாம் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், பலாச்சுளை. மேலே பாறையில் ஒன்றாக வருகிற தண்ணீர் அஞ்சாகப் பிரிந்து விழுகிறது. ஆம்பிளைக்கு ஒரு பக்கம், பொம்பிளைக்கு ஒரு பக்கம். போலீஸ் நின்று தண்ணீரின் போக்கைப் பார்த்துத்தான் விடுகிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையனை அடித்துக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை.

நாங்கள் ஆம்பிளைப் பக்கம் போய்விட்டோம். அந்தத் தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்தால் ஆயிரம் பேர் சேர்ந்து முதுகில் குத்துகிற மாதிரி இருக்கும். ராத்திரி ஏறினது எல்லாம் இறங்கிவிடும். யார் தோள்மேல் யார் கை என்று தெரியாது. யாரும் கேட்கவும் நேரமில்லை.

வெளியே வந்தபோது அம்மா ஈரத் தலையோடு கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். இவள் ஓரமாக நின்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கார் வைத்து வந்த ஒரு அம்மா, "இங்க ஷாம்பு கவர் வழுக்குது பாரு, எடுத்துப் போடும்மா" என்றிருக்கிறார். பார்த்ததுமே கூட்டுகிற ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

"நீ என்னம்மா சொன்னே?"

"நான் குளிக்க வந்துருக்கேன் தாயின்னேன். அவ மூஞ்சி செத்துப்போச்சு. பெறகு குனிஞ்சு எடுத்துப் போட்டுட்டேன்."

"ஏம்மா எடுத்தே?"

"வழுக்கி விழுந்தா பிள்ளைக மண்டை உடையும்லா. அதுக்கு எடுத்தேன். அவ சொன்னதுக்கா எடுத்தேன்?"

இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மதுரைத் தோழர் காந்தி கதையைச் சொன்னார். 1934இல் அரிசன யாத்திரையில் குற்றாலம் வந்த காந்தி, தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லாத அருவியில் தானும் குளிக்க மாட்டேன் என்று திரும்பிவிட்டார். கோயிலுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறவர்களைக் காப்பாற்றச் சட்டம் வந்ததே 1939இல்தான். காந்தி மறுத்தது பெரிய காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுப்பதற்கு அவருக்கு ஒரு குளியல் இருந்தது. எங்க பாட்டிக்கு அதுகூட இல்லை. அம்மாவுக்கு அது கிடைக்க அவளுக்கு அறுபத்தெட்டு வயசாக வேண்டியிருந்தது.

மத்தியானம் எங்க வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறிக் குழம்பு, தலைக்கறி, ரத்தப் பொரியல், ரசம். மாப்ள தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு வராமல் போய்விடுவானோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். வந்தான். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மூணு தடவை சோறு வாங்கினான். "அத்தே, தலைக்கறி இன்னும் கொஞ்சம்" என்றான். அத்தை என்று கூப்பிட்டதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைத் தோழர் எல்லோரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார். நடுவில் அம்மா, பக்கத்தில் கை நிறையச் சோற்றோடு மாப்ள.

எல்லோரும் கிளம்பிப் போனபிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸப்பில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "மாப்ள, வீட்ல எடுத்த போட்டோவ மட்டும் ஸ்டேட்டஸ்ல போடாத. அருவில எடுத்தது போடு. அப்பா பாப்பாரு."

வேறொன்றும் இல்லை. திட்டவில்லை, சண்டையில்லை. சாப்பிட்டது பொய்யுமில்லை. நாற்பது வயசு ஆம்பிளை, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், அப்பா பாப்பாரு என்கிறான்.

எனக்குப் பாஞ்சாகுளம் ஞாபகம் வந்தது. இதே தென்காசி மாவட்டம்தான். 2022 செப்டம்பரில் தின்பண்டம் வாங்க வந்த நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர மாட்டோம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதை வீடியோவும் எடுத்து வெளியே விட்டார்கள். பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. தர மாட்டேன் என்கிறவனுக்கு அதை ஊருக்குக் காட்ட வெட்கமில்லை. சேர்ந்து தின்றவனுக்குத்தான் வெட்கம். சேர்ந்து உண்பது மட்டும் சாதியை ஒழித்துவிடாது என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். நான் அதைப் பத்துக் கூட்டத்திலாவது பேசியிருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் அது எனக்குப் புரிந்தது.

ஏன் என்று ஒரு வார்த்தை அடித்தேன். அழித்தேன். சரி என்று அடித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் அம்மா ஈரத் தலையோடு நிற்கிற போட்டோவை மட்டும் ஸ்டேட்டஸில் போட்டேன். பார்த்தவர்கள் வரிசையில் அவன் பேரும் வந்தது.

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டாள், "அந்தப் பய வயிறாரத் தின்னானால?" தின்னான் என்றேன். "அடுத்த சீசனுக்கும் வரச் சொல்லு." செய்தியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இது அச்சில் வந்ததும் வாசித்துக் காட்டுவேன்.

மாப்ள, இந்தப் பத்திரிகையை உனக்கும் ஒன்று அனுப்புவேன். உன் பேர் போடவில்லை, போட்டோவும் போடவில்லை. அந்த ரெண்டு நாளும் நல்ல நாளுதான், அதில் மாற்றமில்லை. அடுத்த ஆடியில் வா. அம்மா தலைக்கறி வைப்பாள். அன்றைக்கு எடுக்கிற போட்டோவை நீயே போடு.