பழகாத விரல்கள்

3 ஜூன் 2024, திங்கள்
அண்ணாச்சி முடிவு பண்ணிவிட்டார். இனிமேல் அச்சகத்தில் எல்லாமே யூனிகோடு, அதுவும் தமிழ்99 விசைப்பலகையில். கல்யாணப் பத்திரிகை அச்சானால் மட்டும் போதாதாம், அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் போக வேண்டுமாம். பழைய எழுத்துருவில் அடித்ததை அங்கே ஒட்டினால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல். பழைய டைப்ரைட்டர் அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாமே என்றேன். "வாற பிள்ளைகளுக்கும் நமக்கும் ஒண்ணா இருக்கட்டும்மா" என்றார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கைக்கு இந்த வயதில் அரிச்சுவடி!

4 ஜூன், செவ்வாய்
ஓட்டு எண்ணிக்கை. வாழ்த்து போஸ்டர் அவசரம். பழைய முறையிலேயே அடித்தேன், யாரும் கேட்கவில்லை.

6 ஜூன், வியாழன்
விசைப்பலகைப் படம் போட்ட தாளை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியாயிற்று. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். நடுவரிசையில் வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு என்பதால்தான் தமிழ்99 என்ற பெயர்.

டைப்ரைட்டரில் 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணில் தெரியும் வரிசை. இங்கே க, ஒ. காதில் விழும் வரிசை. என் விரல் இன்னும் கொம்பைத் தேடி ஓடுகிறது. 'அக்கா'வுக்கு அ, க, க, ஆ அடித்தால் புள்ளி தானே விழுகிறது. 'தங்கம்' அடித்தால் 'ங'வுக்கும் புள்ளி தானாக விழுகிறது, கடைசி 'ம்'முக்கு மட்டும் புள்ளியைத் தனியாக அடிக்க வேண்டும். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ள மனசில்லை.

9 ஜூன், ஞாயிறு
மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அம்மா, யூ வில் கெட் த ஹேங் ஆஃப் இட்" என்றாள்.

"ஹேங் எல்லாம் ஆகலடி, கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது."

விழுந்து விழுந்து சிரித்தாள். போகப் போகப் பிடிபட்டுவிடும் என்று அர்த்தமாம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சில் வந்ததாம். கோடரிக்குக் காம்பு பொருத்துவதையும் அங்கே ஹேங் என்பார்களாம், அதிலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஒரு கருத்து. பாதி பழகியவர் "ஐ அம் கெட்டிங் த ஹேங் ஆஃப் இட்" என்று சொல்ல வேண்டுமாம். நடுவில் உள்ள 'த'வை விட்டுவிட்டேன் என்று இரண்டு தடவை திருத்தினாள். அவளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்த நாளில் எனக்கு இத்தனை பொறுமை இருந்ததா தெரியவில்லை.

14 ஜூன், வெள்ளி
வேகம் பழையதில் பாதிகூட இல்லை.

20 ஜூன், வியாழன்
கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவரின் தம்பி நின்றபடியே சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் அழுதுகொண்டே பேசியதால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தாளையே பார்க்கவில்லை. ஒரே ஒரு பிழை. மத்தியானம் ஒரு பத்திரிகையில் ஸ்ரீ வந்தது. ஷிஃப்ட்டோடு மேல்வரிசை என்று தெரியும், எந்த விசை என்று மறுபடி தாளைப் பார்க்க வேண்டியதாயிற்று.

24 ஜூன், திங்கள்
வேலைக்குப் புதுப் பையன். போனில் ஆங்கில எழுத்தைத் தட்டியே தமிழ் வரவைக்கிறவன். "இதுக்கு எதுக்குக்கா தனி கீபோர்டு?" என்கிறான். 'வாழ்க' அடிக்கச் சொன்னேன். அவனுக்கு ஏழு தட்டு, எனக்கு ஐந்து. எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். நாளைக்குக் காலையில் அவனுக்கு க, ப, ம, த, ந, ய.