ஆன், ஆஃப், அப்பா!

பி.காம். படித்து என்ன சாதித்தாய் என்று இலஞ்சியில் நிறையப் பேர் என்னைக் கேட்டதுண்டு. இப்போது கைவசம் பதில் இருக்கிறது. அப்பாவுக்கு டே-புக் எழுதுகிறேன்!

இடது பக்கம் மாத்திரை சாப்பிட்ட நேரம். வலது பக்கம் அப்பா எழுந்து நடந்த நேரம். நாலு வருஷமாக எழுதுகிறேன். ஒரு நாள்கூட டேலி ஆனதில்லை.

அப்பாவுக்கு ஏழு வருஷமாகப் பார்க்கின்சன்ஸ். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். செங்கோட்டை ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் எழுபது பேருக்கு டிக்கெட் கொடுத்தவர். இன்று நிலைப்படி தாண்டும்போது, கால் இரண்டையும் யாரோ ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி நின்றுவிடுகிறார்.

விஷயம் இதுதான். மூளையில் டோபமின் என்ற சரக்கைத் தயாரிக்கிற செல்கள் ஒவ்வொன்றாக வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. சரி, டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? மூளை வாசலில் இருக்கிற வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். லெவோடோபா என்றால் விடுவான். உள்ளே போய் அது டோபமினாக மாறிக்கொள்ளும். வழியிலேயே மாறித் தொலைக்காமல் இருக்க, துணைக்குக் கார்பிடோபா என்று ஒரு எஸ்கார்ட்.

முதல் சில வருஷங்கள் தேனிலவு. (நான் சொல்லவில்லை, டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.) அப்புறம் சேமித்து வைக்கிற செல்களும் குறைந்துபோய், அன்றாடங்காய்ச்சி நிலைமை. ரத்தத்தில் ஏறிய லெவோடோபா சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். மாத்திரை வேலை செய்தால் 'ஆன்', தீர்ந்தால் 'ஆஃப்'. நம் சம்பளம் மாதிரிதான். ஒண்ணாம் தேதி ராஜா, இருபதாம் தேதி கடன்காரன். ஆனால் அப்பாவுக்கு ஒண்ணாம் தேதியும் இருபதாம் தேதியும் ஒரே காலைப்பொழுதில் வந்துவிடுகின்றன.

இதிலே இன்னொரு கூத்து, சாப்பாடு. புரதம் ஜீரணமாகி வருகிற அமினோ அமிலங்களுக்கும் லெவோடோபாவுக்கும் மூளைக்குள் போக ஒரே வாசல். பார்டர் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்ட அன்று, அப்பா பாஷையில் சொன்னால், "கோழிக்காரன் முண்டியடிச்சு ஏறி எல்லா ஸீட்டையும் பிடிச்சிட்டான்லே. மாத்திரை ஃபுட்போர்டுல தொங்குது." அதனால் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கோழி ராத்திரிக்கு.

சீசன் நேரத்தில் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள். முதல் கேள்வி, "அருவியில தண்ணி விழுதா?" இரண்டாவது, "அப்பா எப்படி இருக்காங்க?" இரண்டுக்குமே அரை மணி நேரத்துக்கு மேல் எங்களால் கேரண்டி கொடுக்க முடிவதில்லை.

ஊர் வாய் இருக்கிறதே! "உங்க அப்பா நேத்து குமாரர் கோயில் வாசல்ல ஜம்முனு நடந்தாவளே, இன்னைக்கு எந்திரிக்க முடியலைங்காவ. சும்மா சொல்லுதாவளோ?" என்பார் எதிர்வீட்டு அண்ணாச்சி. மருந்து உச்சத்தில் இருக்கும்போது அப்பாவின் தோளும் கையும் தானாக நெளியும். அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில், "காலையிலேயே போட்டுட்டாவளோ?" என்று ஒரு ஆராய்ச்சி. போட்டார் ஐயா, போட்டார். மாத்திரை!

மேலகரம் மாமா ஒரு நாள் நாட்டு மருந்துக் கடையிலிருந்து பூனைக்காலி விதைப் பொடியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரன் சட்டைக்குள் போட்டு சொறிய வைப்போமே, அதே பூனைக்காலிதான். சிரிக்காதீர்கள். 1937-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்துதான் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சன்ஸுக்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழித்து ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களை லெவோடோபா போட்டு எழுப்பினார். 2000-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்த ரிசர்பினும் நம்ம ஊர் சர்ப்பகந்தி வேர்ச் சரக்குதான்!

பெருமையோடு டாக்டரிடம் பொடியைக் காட்டினேன். "அதே மருந்துதான். ஆனா ஒரு ஸ்பூன்ல எவ்வளவு இருக்குன்னு உங்க மாமாவுக்குத் தெரியுமா?" என்றார். ஏற்கெனவே டேலி ஆகாத கணக்கில் எழுதாத வரவு எதற்கு? பொடி பரணுக்குப் போனது. என் டே-புக்கை மட்டும் அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, மூன்று வேளை மருந்தை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்.

போன மாசம் ஒரு பேங்க்குக்குப் போனோம். அக்கா மகளுக்குக் காலேஜ் ஃபீஸ். தாத்தா கையால்தான் கட்டவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. டெபாசிட் பணத்தை எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். இந்த நோயில் எழுத்து எழுத எழுதச் சுருங்கும். முதல் எழுத்து யானை, கடைசி எழுத்து எறும்பு. அதனால் திட்டம் போட்டேன். பத்து மணிக்கு மாத்திரை, பத்தே முக்காலுக்கு பேங்க், பதினொன்றுக்குக் கையெழுத்து.

டோக்கன் நாற்பத்தொன்று. நடுவில் சர்வர் டவுன். எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அப்பா ஆஃப்.

கையெழுத்து பொருந்தவில்லை. இன்னொன்று போட்டார். அதுவும் பொருந்தவில்லை. கவுன்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் சொன்னாள்: "கைநாட்டு வெச்சிடுங்க தாத்தா. ரெண்டு சாட்சி போதும்."

அப்பா முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த நோயில் முகத் தசையும் இறுகிப்போகும், கோபம்கூட வெளியே வராது. குரல் மட்டும் மெதுவாக வந்தது. "முப்பத்திரண்டு வருஷம் டிரிப் ஷீட்ல கையெழுத்துப் போட்டவன்மா. ஒன்றரைக்கு மாத்திரை இருக்கு. உட்காந்திருக்கேன்."

உட்கார்ந்தார். ஒன்றரைக்கு மாத்திரை. சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார், ஸீட் போய்விடுமாம். இரண்டேகால் மணிக்கு விரல்கள் இளகின. தாளை வாங்கி முழுப்பெயரையும் எழுதினார். பொருந்தியது.

எழுந்திருப்பார் என்று பார்த்தால், "ஜாயின்ட் அக்கவுன்ட்டுக்கு ஒரு ஃபாரம் வாங்குலே" என்றார். "எதுக்குப்பா இப்ப?" என்றேன்.

"நல்லாயிருக்க நேரத்திலேயே போட்டுரணும். அடுத்த வருஷம் ரெண்டேகால் மணி வராமப் போயிட்டுன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஃபாரம் வாங்கி வந்தேன். நிதானமாக எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். வாசல்படியில் கால் உறைந்தது. இழுத்தால் விழுந்துவிடுவார். தாளமோ தரையில் ஒரு கோடோ இருந்தால் கால் கிளம்பும். நான் வாயாலேயே இரட்டை விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. செக்யூரிட்டி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இரண்டு விஷயம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, முக்கியமான கையெழுத்தையெல்லாம் நல்ல நேரம் பார்த்து முடித்துவிடுங்கள். பஞ்சாங்கம் வேண்டாம், மாத்திரை டப்பா போதும்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! ஒரு பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு நாற்காலி போடுங்கள் ஸார். மாத்திரை வந்துகொண்டிருக்கிறது.